கையிலிருந்து ரெண்டு

போன மாசியில் வந்த கோபத்தை இந்த மாசி வரைக்கும் கெடாமல் வைத்திருந்தாள் ஆனந்தவல்லி. மாம்பழ வியாபாரிக்கு அது லேசான காரியம் இல்லை. வந்த சரக்கை அழுகுவதற்குள் தள்ளிவிட்டுப் பழகிய கை. ஆனால் இந்த ஒரு சரக்கை மட்டும் அவள் யாருக்கும் விலை சொல்லவில்லை. வைக்கோல் போட்டு மூடிப் பழுக்க வைத்திருந்தாள்.

ராஜபாளையத்தில் அவளுக்கு மாம்பழ மண்டி. புருஷன் விக்னேஷ்வரன் பட்டாளத்தில் சுபேதார். லீவில் வந்தால் மண்டியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் "யாவாரம் எப்படி" என்று விசாரித்துவிட்டு, ரயிலேறிப் போய்விடுவார். மண்டியை ஓட்டுவது அவள்தான். மண்டிக்கு உயிர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பாதையில் இருக்கிற ஆவுடையம்மாளின் தோப்பு. அத்தனையும் சப்பட்டை ரக மாமரம். ராஜபாளையத்துக்காரன் மற்ற மாம்பழத்தையெல்லாம் பழம் என்று ஒப்புக்கொள்வதே பெரிய மனசு. அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் மண்டி வாசலில் சீசன் முழுக்க லாரி நிற்கும். எடுக்காதவர் வாசலில் நாய் படுத்திருக்கும். போன வருடம் ஆனந்தவல்லி மண்டி வாசலில் நாய் படுத்திருந்தது. ஊர் பெயரைச் சொல்லி விற்கிற ஜாதி நாயாக இருந்தாலாவது ஒரு கௌரவம். அது சொறிநாய்.

தோப்பைக் குத்தகைக்குக் கேட்கிறவர்கள் நாலு பேர். ஆனந்தவல்லி, தனி மண்டி வைத்திருக்கும் அவள் கொழுந்தன் பால்பாண்டி, கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருக்கும் முத்துக்குமரன் அண்ணாச்சி, பழைய ஆள் மலைச்சாமி. நாலு பேரும் போட்டி போட்டுக் கேட்டால் ஆவுடையம்மாளுக்குத்தான் லாபம் என்று கண்டுபிடித்து, எப்போதோ சிண்டிகேட் போட்டுவிட்டார்கள். யாராவது ஒருத்தர்தான் போய்க் கேட்பது, மற்ற மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வது. அந்த ஒருத்தர் யார் என்பதை ஆதியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். பிறகு முத்துக்குமரன் கோவாவுக்குப் போய், கப்பலில் நடக்கிற சூதாட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, "குலுக்கல்ல என்ன இருக்கு, குருட்டாம்போக்கு. மூளைக்கு வேலை வைப்போம்" என்று ஒரு ஆட்டத்தை இறக்குமதி செய்தார். அதற்குப் பெயர் ஓமஹா. மலைச்சாமி வாயில் அது உமையாள் ஆயிற்று. "என்னைக்குய்யா உமையாளு?" என்று அவர் போனில் கேட்டால் வீட்டில் வேறு மாதிரி நினைத்தார்கள்.

ஆளுக்கு நாலு சீட்டு, மறைவாக. நடுவில் அஞ்சு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக, திறந்து: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கையையும் நடுவையும் சேர்த்து நல்லதாக அஞ்சு சீட்டு காட்டுகிறவர் ஜெயித்தவர். ஆனந்தவல்லி மண்டியில் சுமை தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கிற தகர டோக்கன்தான் பந்தயம். ஆளுக்கு ஒரு குவியல், நடுவில் தள்ளியது எல்லாம் அந்தக் கையை ஜெயித்தவருக்கு. யாரிடம் கடைசியில் எல்லாக் குவியலும் சேருகிறதோ அவருக்குத் தோப்பு.

போன வருடம் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது முத்துக்குமரன் இவ்வளவுதான் சொன்னார். ஆனந்தவல்லி கையில் இஸ்பேட் ஏஸ் இருந்தது. நடுவில் நாலு இஸ்பேட் விழுந்து கிடந்தது. ஆக அஞ்சும் ஒரே இஸ்பேட், கலர், அதுவும் ஏஸ் வைத்த கலர். குவியலைத் தள்ளினாள். பால்பாண்டி ரெண்டு எட்டைக் காட்டினான், வெறும் ஜோடி. இவள் ஏஸைக் காட்டிச் சிரித்தாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, கையில இருந்து ரெண்டு போடணும். நடுவுல இருந்து மூணு. நீ ஒண்ணுல்ல போட்டிருக்க. செல்லாது."

"இதை மொதல்லயே சொல்லலியே அண்ணாச்சி."

"சொன்ன மாதிரிதான் இருக்கு."

"ஆட்டம்னா ஆட்டந்தான்த்தா" என்றார் மலைச்சாமி.

எட்டு ஜோடிக்குத் தோப்பு போயிற்று. பால்பாண்டி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மறுநாள் சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அதற்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பூக்காரி கேட்டாள், "ஒத்தச் சீட்டுன்னா என்னக்கா, உங்களை அப்படித்தான் சொல்றாக." வருடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். ஒத்தச் சீட்டு மண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் ராஜபாளையத்தில் வழி சொல்வார்கள்.

லாரி நிற்காத மண்டியில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு சீட்டுக்கட்டை வாங்கி, தனக்குத் தானே நாலு நாலாகப் போட்டுப் பார்த்தாள். செத்த நேரத்தில் அவளுக்குப் பிடிபட்ட விஷயம், இது தோப்பைப் பூ பார்த்துக் குத்தகை பேசுகிற அதே வேலைதான் என்பது. காயே கண்ணில் படாதபோது, பூவை வைத்து விலை சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிற ரெண்டு மரம் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து மயங்கியவன் வியாபாரி இல்லை. உள்ளே நடந்து போய், கடைசி வரிசை வரைக்கும் அண்ணாந்து பார்க்கிறவன் வியாபாரி. ஏஸ் ஜோடி ஒன்று, அதோடு ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் ஒரு மூணும் ஒரு ஒன்பதும் வந்தால் அது வாசல் மரம். தூரப் போடு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஜாக், பத்து, ஒன்பது, எட்டு என்று அடுத்தடுத்து, ரெண்டு டைமன் ரெண்டு கிளாவர் என்று ஜோடி ஜோடியாக வந்தால், ஒன்றும் பெரிய சீட்டு இல்லைதான், ஆனால் நாலும் ஒன்றோடொன்று பேசுகிற வீடு. நடுவில் எது விழுந்தாலும் இந்த வீட்டில் யாராவது ஒருத்தருக்குச் சொந்தம் வரும்.

பெரிசாகத் தெரிந்து மோசம் செய்கிற கை எது என்று கண்டுபிடித்த அன்றைக்கு அவளுக்கே ஆச்சரியம். மூன்று ஏஸ். ரெண்டைத்தான் போட முடியும். மூணாவது வெட்டிச் சோறு. அதுவும் கையில் உட்கார்ந்துகொண்டு நடுவில் விழ வேண்டிய ஏஸைத் தடுக்கிற வெட்டிச் சோறு. மூணு சீட்டு ஆடி வளர்ந்தவனுக்கு இதைச் சொன்னால் அடிக்க வருவான். அந்த ஆட்டத்தில் மூன்று ஏஸுக்கு மேல் சாமியே கிடையாது.

பால்பாண்டி மூணு சீட்டு ஆடி வளர்ந்தவன்.

இந்த மாசியில் தோப்பு பூத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முத்துக்குமரன் மண்டி மாடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் சாகுல் ஹமீது, ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி, கேரளாவுக்கு லாரி அனுப்புகிறவர், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சீட்டை அவர் தொடவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார். ஜெயிக்கிறவரிடம் முதல் லாரிக்குப் பேசிவிட்டுப் போக வந்திருந்தார்.

"மாமா, இந்தப் பக்கம் திரும்பித்தான் உட்காருங்களேன்" என்றாள் ஆனந்தவல்லி.

"வேண்டாம்த்தா. காது கேக்குது, அதுக்கே மறுமையில கேள்வி உண்டு."

பால்பாண்டி சீட்டைக் கலைத்தான். "மதினி, இந்த வாட்டி ரெண்டு சீட்டாவது இருக்கா, இல்ல அதே ஒத்தையா?"

"நீ போடு தம்பி. எண்ணத் தெரியும்."

அவள் தூரப் போட்டாள். அடுத்த கையையும் தூரப் போட்டாள். ராஜா ஜோடி வந்தது, கூட வந்த ரெண்டும் உதவாதது. போட்டுவிட்டாள். மலைச்சாமி எந்த நாலு வந்தாலும் "பார்ப்போமே" என்று ஆடி, அவர் குவியல் டோக்கனை நாலைந்து கைகளில் முடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து குறட்டைக்குத் தயாரானார். முத்துக்குமரன் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் கோவாவில் யாரோ செய்ததைப் பார்த்து டோக்கனை விரலிடுக்கில் உருட்டிக் காட்டுகிற ஆசை. அந்த ஆசையிலேயே பாதி போயிற்று. மீதியில் பெரும்பகுதியைப் பால்பாண்டி வழித்தான்.

"என்ன மதினி, தூரப் போடவே வந்தீகளா? அண்ணன் வந்தாலாவது ரெண்டு கை ஆடுவாரு. அவரை வரச் சொல்லியிருக்கலாம்ல."

"அவரு எல்லையைப் பார்த்துக்கிடுதாரு. தோப்பை நான் பார்த்துக்கிடுதேன்."

அப்புறம் அந்தக் கை வந்தது. ஜாக், பத்து, ஒன்பது, எட்டு. ஜாக்கும் ஒன்பதும் டைமன், பத்தும் எட்டும் கிளாவர். காலிப் பெட்டி மேல் எத்தனை தடவை ஆசைப்பட்ட வீடு. முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது அவளுக்கு ஒரு பிரச்சினை இல்லை. பெட்டியின் அடியில் அழுகலைப் பார்த்துவிட்டு மேல் பழத்தைப் புகழத் தெரிந்த முகம்.

எதிரே பால்பாண்டி தன் சீட்டைப் பார்த்தான். பார்த்ததும் நாலில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைக்குள் பொத்திக்கொண்டான். நாலாவதை ஒதுக்கி, தொடைப் பக்கம் தனியாகக் குப்புற வைத்தான். மீசையைத் தொட்டான். கணிசமாகத் தள்ளினான்.

ஆனந்தவல்லி அந்தத் தனிச் சீட்டையே பார்த்தாள். ஓமஹா ஆடுகிறவன் நாலையும் ஒன்றாகப் பிடிப்பான். மூன்றைப் பொத்தி ஒன்றை ஒதுக்குகிறவன் எந்த ஆட்டம் ஆடுகிறான்? அவனுக்கு மூணு சீட்டில் மூன்று ஏஸ் வந்திருக்கிறது.

அவளும் அதே அளவு தள்ளினாள். முத்துக்குமரன் தன் மிச்சத்தையும் இந்தக் கையில் போட்டுவிட்டு, முதல் மூன்று சீட்டைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கி ஒதுங்கினார். கிளாவர் ராஜா, கிளாவர் ஏழு, ஆர்ட்டின் ரெண்டு. பால்பாண்டி மறுபடி தள்ளினான். இவளுக்கு நாலு கிளாவர் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும். போட்டாள். அடுத்த சீட்டு, கிளாவர் மூணு. கலர் விழுந்துவிட்டது. பால்பாண்டி கம்மென்று இருந்தான். தனிச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, அவனிடம் கலர் இல்லை.

கடைசிச் சீட்டு, டைமன் ராஜா.

பால்பாண்டி முகத்தில் தேர் கிளம்பியது. கையிலிருந்த எல்லாக் குவியலையும் முன்னங்கையால் வாரி நடுவில் தள்ளினான்.

அவள் கணக்குப் போட்டாள். நடுவில் ராஜா ரெண்டு. ரெண்டாவது ராஜா விழுந்ததும் இவனுக்கு ஏன் இத்தனை சந்தோஷம்? மூன்று ஏஸும் ரெண்டு ராஜாவும் என்று சேர்க்கிறான். அது கலரை அடிக்கும். ஆனால் அதற்குக் கையிலிருந்து மூன்று போட வேண்டும். பொத்தி வைத்திருப்பது மூன்று ஏழாக இருந்தால்? ரெண்டைப் போட்டாலே நடுவில் ஒரு ஏழு, ரெண்டு ராஜா. தோப்பு போயிற்று, இந்த வருடமும் நாய். ஆனால் இந்த மூஞ்சி ஏழுக்கு மீசையைத் தொடாது. சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து இவனுக்குச் சோறு போட்டவள், அவளுக்குத் தெரியாதா.

தன் குவியல் முழுவதையும் தள்ளினாள்.

பால்பாண்டி மூன்று ஏஸையும் ஒவ்வொன்றாக, வாழையிலையில் பதார்த்தம் வைக்கிற மாதிரி வைத்தான். "மூணு ஏஸ், ரெண்டு ராஜா. மதினி, ஒத்தச் சீட்டை எடுங்க பார்ப்போம்."

அவள் கிளாவர் பத்தையும் எட்டையும் வைத்தாள். "நான் ரெண்டு போட்டிருக்கேன். நீயும் ரெண்டு போடு."

"என்னது?"

"கையில இருந்து ரெண்டு. ஒரு ஏஸை எடு தம்பி. எந்த ஏஸ் வேணும்னாலும் எடு, மூணும் ஒரே ஜாடைதான்."

பால்பாண்டி அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். மலைச்சாமி விழித்துக்கொண்டார்.

"ஒண்ணு போடக்கூடாதுன்னுதானே சொன்னீக" என்றான் பால்பாண்டி. "மூணு போடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"ரெண்டுன்னா ரெண்டுதாம்ல" என்றார் முத்துக்குமரன், குரலே இல்லாமல். "ரெண்டு ஏஸு, ரெண்டு ராஜா, ஒரு ஏழு. அம்புட்டுதான் உன் கை. கலர்தான் பெருசு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா தங்கச்சி, பய தெரியாம பண்ணிட்டான். மூணு ஏஸு எவனுக்கு வரும்? மறுகை போட்டுருவோம்."

ஆனந்தவல்லிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும் வைக்கோலுக்குள் இருந்த ஒரு வருடத்துச் சரக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் பழுத்தது.

"போன வருசம் நான் தெரிஞ்சா பண்ணேன் அண்ணாச்சி?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது... ஆட்டம் புதுசு."

"புதுசுல தெரியாதவளுக்கு மன்னிப்பு இல்ல. பழகினப்புறம் தெரியாதவனுக்கு உண்டு. நல்ல தராசு இது. எந்தக் கடையில வாங்குனீக?"

"குடும்பத்துக்குள்ள எதுக்குத்தா" என்று மலைச்சாமி ஆரம்பித்தார்.

"சித்தப்பா, ஆட்டம்னா ஆட்டம்னு சொன்ன வாயி உங்க வாயிதானே? இல்ல அதையும் அன்னைக்கு யார்கிட்டயாவது வாடகைக்கு வாங்கியிருந்தீகளா?"

பால்பாண்டி ஏஸ்களை எடுத்துச் சீட்டுக்கட்டுக்குள் செருகினான். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. "மதினி, கோவப்படாம கேளுங்க. நீங்க ஜெயிச்சதாவே வச்சுக்கிடுவோம். நாளைக்கு அங்க போயி என்ன செய்வீக? விலை பேசுறது துண்டுக்குள்ள. ஆவுடையம்மா காரியக்காரர் கைய நீங்க பிடிப்பீகளா?"

மற்ற ரெண்டு பேரும் ஜமுக்காளத்துப் பூவைப் பார்த்தார்கள். அந்த ஊர்களில் பெரிய விலை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரல் இவ்வளவு, ரெண்டு விரல் இவ்வளவு, உள்ளங்கை அழுத்தினால் முடிந்தது. ஆவுடையம்மாளுக்காக, அவள் வரவு செலவு பார்க்கிற காரியக்காரர்தான் கை கொடுப்பார். அந்தத் துண்டுக்குள் பொம்பளை கை போனதில்லை. விக்னேஷ்வரன் பெயரில் பால்பாண்டிதான் இத்தனை வருடமும் அவளுக்காகக் கையைக் கொடுத்துவந்தான். ஆக, எந்தச் சீட்டு வந்தாலும் அவள் கை ஒத்தைதான் என்று மூன்று பேரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு.

மறுகை போட்டார்கள். அவள் ஆடவில்லை. பால்பாண்டிதான் போவது என்று முடிந்தது. சாகுல் ஹமீது டீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சீட்டு ஆகாதுன்னு திரும்பி உட்கார்ந்தேன்" என்றார் பொதுவாக. "உங்க நியாயத்துக்குச் சீட்டே தேவலாம் போலிருக்கே."

ஆனந்தவல்லி டோக்கனையெல்லாம் முந்தானையில் அள்ளினாள். தகரம் அவள் மண்டித் தகரம்.

மறுநாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு ரத வீதியில் பால்கோவாக் கடைகள் சட்டியைத் துலக்கிக்கொண்டிருக்கும்போதே, அவள் ஆவுடையம்மாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆவுடையம்மாள் மூட்டுவலிக்காரி. பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பால்பாண்டி வருதான்னுல்ல சொன்னாக. நீ எங்கட்டி வந்த?"

"அவன் வரட்டும்மா. உங்க தோப்பு விலையை இம்புட்டு நாளும் உங்க கையில யாரு சொன்னா?"

"காரியக்காரர் சொல்லுவாரு."

"அவர் கையில சொன்னதைத்தான் அவரு சொன்னாரா?"

ஆவுடையம்மாள் நீட்டிய காலை மடக்கினாள். மடக்கும்போது வலித்திருக்க வேண்டும், ஆனால் முகம் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ஆனந்தவல்லி முந்தானையை விரித்துத் தன் கைமேல் போட்டாள். கையை நீட்டினாள். "எனக்குத் துண்டு கிடையாது. உங்களுக்குப் பிடிக்கத் தெரியுமா, இல்ல நான் சொல்லித் தரவா?"

"ஏட்டி, எங்க ஐயா மாட்டுத் தரகு பார்த்தவரு" என்றாள் ஆவுடையம்மாள். "சந்தை முடிஞ்சு வந்து என் கையிலதான் அன்னைக்குப் பேசினதையெல்லாம் பிடிச்சுக் காட்டுவாரு. கண்ணாலம் ஆனதுல இருந்து ஒரு பய என் கையைக் கேக்கல." முந்தானைக்குள் கையை விட்டாள். "பிடி."

ஆனந்தவல்லி உண்மையான விலையைப் பிடித்தாள். ஆவுடையம்மாளின் விரல்கள் ஒரு கணம் அசையவில்லை. இத்தனை வருடமும் காரியக்காரர் சொன்ன விலையை அந்த விரல்கள் நினைத்துப் பார்த்திருக்கும். பிறகு ஒரு விரலைக் கூட்டிப் பிடித்தன. ஆனந்தவல்லி அதை மடக்கினாள். மறுபடி கூடியது. முந்தானைக்குள் ரெண்டு கோழிகள் சண்டை போடுகிற மாதிரி சேலை குலுங்கியது. கடைசியில் பாதி விரல் கூடுதலில் ரெண்டு கையும் நின்றன. உள்ளங்கையை அழுத்தப் போகிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். காரியக்காரரும், தோளில் சலவைத் துண்டோடு பால்பாண்டியும்.

சேலை குலுங்குவதைப் பார்த்தான். புரிந்துகொண்டான். புரிந்ததும், மூன்று ஏஸைக் கண்ட அதே அவசரத்தில் வாயைத் திறந்தான்.

"மதினி, இது முறையில்ல. நாம நாலு பேரும் என்ன பேசி வச்சோம்?"

ஆவுடையம்மாள் மெதுவாகக் கேட்டாள். "நாலு பேரும் என்ன பேசி வச்சீக?"

பால்பாண்டி துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். காரியக்காரர் கூரையைப் பார்த்தார்.

முந்தானைக்குள் ஆவுடையம்மாளின் கை இறுகியது. பாதி விரல் முழு விரலாயிற்று. அதற்கு மேல் இன்னொரு விரலும் வந்து நின்றது. மடக்கிப் பார்த்தாள் ஆனந்தவல்லி, அது மடங்கவில்லை. கம்பி மாதிரி நின்றது. அத்தனை வருடத்துக் கோபம் இருந்தது அதில். தன் கோபத்தை விடப் பழைய சரக்கு என்று ஆனந்தவல்லிக்குத் தெரிந்துவிட்டது. பழைய சரக்கோடு பேரம் பேசிப் பயனில்லை. உள்ளங்கையை அழுத்தினாள்.

வெளியே வந்து சாகுல் ஹமீதுக்குப் போன் போட்டாள். "மாமா, லாரி அனுப்புங்க. பழம் பழுத்தப்புறம்தான், ஆனா இப்பவே சொல்லி வச்சிருங்க. விலை போன வருசத்தைவிடக் கூட."

"பூ அம்புட்டு ஜாஸ்தியாத்தா?"

"பூ அதேதான்."

படியிறங்கி வந்த பால்பாண்டி பக்கத்தில் நின்றான். ஊருக்குத் திரும்பினால் முத்துக்குமரனுக்கும் மலைச்சாமிக்கும் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த மாசியிலிருந்து சிண்டிகேட்டும் இல்லை, ஜமுக்காளமும் இல்லை.

"கோவத்துக்கு இம்புட்டு விலை கொடுப்பாகளா மதினி?" என்றான்.

"என் கோவம் பாதி விரல்தான். மிச்சம் உன் வாய்க்குக் கொடுத்தது" என்றாள் ஆனந்தவல்லி. "அந்த ஒன்றரை விரலையும் உன்கிட்டத்தான் வசூல் பண்ணப் போறேன். சீசனுக்கு உன் மண்டி வாசல்ல நாய் படுத்திருக்கும். விரட்டாத, அது எங்க வீட்டு நாய்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். முந்தானை முடிச்சில் நேற்று அள்ளிய தகர டோக்கன்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் கலகலவென்று அடித்துக்கொண்டு வந்தன.